'சிடி38 பாசிட்டிவ்': வீட்டை அடமானம் வைக்கணுமா?

1/
ஆம்பூர் ஷூ கம்பெனியில் 30 வருஷம் வேலை பார்த்தவர். வயசு 61. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 42,000. ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட்டில் 'சிடி38 பாசிட்டிவ்' என்ற வரிக்கு மகன் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

"மோசமான வகைன்னு நெட்ல போட்டிருக்கு டாக்டர். வீட்டை அடமானம் வைக்கிறோம், உடனே மருந்து ஆரம்பிங்க."

வேண்டாம் என்றேன். ஏன்னு சொல்றேன்.

2/
இது சிஎல்எல். மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். சிடி என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களுக்கு வைத்த எண். சிடி5, சிடி19, சிடி23 மூணும் இருந்து, சிடி20 மங்கலாக இருந்தால் பெரும்பாலும் சிஎல்எல். நோய்க்குப் பேர் வைக்க இந்த ரிப்போர்ட் அவசியம். பல பேருக்கு எலும்பு மஜ்ஜை டெஸ்ட்கூடத் தேவைப்படாது.

3/
ஆனா இந்தப் புரதங்கள் பச்சை குத்தினது மாதிரி நிரந்தரம் இல்லை. ஷிப்டுக்குப் போட்டுக் கழட்டுற யூனிஃபார்ம் மாதிரி.

நிணநீர் முடிச்சுக்குள் பக்கத்து செல்கள் சிக்னல் கொடுக்கும்போது சிஎல்எல் செல் பெருகும். அப்போ சிடி5, சிடி38 கூடும், சிஎக்ஸ்சிஆர்4 குறையும். ரத்தத்துக்கு வந்து நாளாக ஆக சிஎக்ஸ்சிஆர்4 ஏறும். அதை வைத்துத்தான் திரும்ப முடிச்சுக்குள் போகும்.

4/
மருந்தும் இதை மாற்றும். ரிட்டுக்ஸிமாப் சிடி20ஐப் பிடிக்கும் மருந்து. அது ஏறினபிறகு சில செல்கள் சிடி20ஐ இழந்து தப்பிக்கும். இப்ரூட்டினிப் போட்டால் முடிச்சில் இருக்கும் செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடும். கட்டி சுருங்கும், கவுண்ட் மட்டும் ஏறும். மருந்து வேலை செய்யலைன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

5/
சிடி38க்கு மதிப்பே இல்லைன்னு சொல்லலை. நோய் வேகமாகப் போகலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஆதார் கார்டு மாதிரி மாறாதது ஐஜிஹெச்வி மரபணு நிலை. சிகிச்சை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது 17பி இழப்பும் டிபி53 மாற்றமும். காசு செலவழிப்பதாக இருந்தால் அங்கே செலவழிங்க.

6/
மருந்து எப்போ?
ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனால்.
தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிக்கிட்டே போனால்.
6 மாசத்தில் எடை 10 சதவீதம் குறைந்தால்.
தொற்று இல்லாமல் நீடிக்கும் காய்ச்சல், இரவு வியர்வை, பெரிய கட்டிகள் இருந்தால்.
கவுண்ட் 6 மாசத்துக்குள் இரட்டிப்பானால்.

வெறும் 42,000 என்ற எண்ணுக்காக இல்லை. அறிகுறி இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்ததால் ஆயுள் கூடினதா ஆய்வுகள் காட்டவில்லை.

7/
"சொல்யூஷன் வாசனையால வந்ததா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பசையில் இருந்த பென்சீனால் இஸ்தான்புல் ஷூ தொழிலாளர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை 1974இல் அக்சோய் என்ற மருத்துவர் எழுதினார். அது தீவிர வகை. அதற்கு ஆதாரம் உறுதி. சிஎல்எல்லுக்கு 'தொடர்பு இருக்கலாம்' என்ற அளவுதான். ஆனாலும் ஒட்டுகிற இடத்தில் காற்றோட்டமும் பென்சீன் இல்லாத பசையும் கேட்பது தொழிலாளியின் உரிமை.

8/
என் கருத்து: ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிற நாங்களே அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து விளக்கணும். 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்தைக் கடனாளி ஆக்கிடும்.

அவர் மூணு மாசத்துக்கு ஒருமுறை வர்றார். வேலைக்கும் போறார். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கு.