ஐந்து வருஷம் கட்டியும் அசல் குறையலையா? தவணை அட்டவணை சொல்லும் கணக்கு

வீட்டுக்கடன் வாங்கிய பலரும் நாலைந்து வருஷம் கழித்து ஒரு முறையாவது வங்கி மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பார்கள்: ‘சார், ஒரு மாசம்கூட தவறாம கட்டிட்டு வர்றோம். பதிமூணு லட்சம் கட்டியாச்சு. கடன்ல மூணு லட்சம்கூட குறையலையே?’

வங்கி ஏமாற்றிவிட்டதோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆனால், பெரும்பாலும் கணக்கில் பிழை இருக்காது. அசல் இப்படித்தான் மெதுவாகக் குறையும் என்பது கடன் வாங்கிய அன்றே ஒரு தாளில் மாதம் மாதமாக எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் தவணை அட்டவணை. கட்டுக் கட்டாகக் காகிதங்களில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் பலர் அந்தத் தாளைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. குடும்பத்தின் இருபது வருஷ வருமானத்தில் ஒரு பெரும் பங்கு எங்கே போகப்போகிறது என்பதைச் சொல்லும் தாள் அது.

ஒரே தவணை, இரண்டு பங்கு

38 வயதுக்காரர் ஒருவர் 25 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகப் புரியும். வட்டி 8.5 சதவிகிதம், காலம் 20 வருஷம், அதாவது 240 மாதம். மாதத் தவணை (இஎம்ஐ) 21,696 ரூபாய்.

முதல் மாதம் அவர் வைத்திருக்கும் கடன் முழு 25 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி 17,708 ரூபாய். கட்டிய 21,696-ல் வட்டி போக மிச்சம் 3,988 ரூபாய். அது மட்டும்தான் அசலில் கழியும். இரண்டாம் மாதம் பாக்கி 24,96,012. வட்டி 17,680, அசலுக்கு 4,016. போன மாதத்தைவிட அசலுக்கு 28 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான்.

மாதா மாதம் கட்டும் தொகை மாறுவதில்லை. உள்ளே இருக்கும் பங்குதான் மாறிக்கொண்டே போகிறது. பாக்கி குறையக் குறைய வட்டி குறையும், அந்த அளவுக்கு அசலுக்குப் போவது கூடும். இந்தக் கடனின் பயணம் இப்படி இருக்கும்:

முதல் வருஷ முடிவில்: கட்டியது சுமார் 2.60 லட்சம். அசலில் கழிந்தது சுமார் 50 ஆயிரம்.

5 வருஷ முடிவில்: கட்டியது சுமார் 13 லட்சம். பாக்கி இன்னும் 22 லட்சம்.

10 வருஷ முடிவில்: கட்டியது சுமார் 26 லட்சம். பாக்கி 17.5 லட்சம்.

15 வருஷ முடிவில்: பாக்கி சுமார் 10.57 லட்சம்.

பாதிக் காலம் ஓடியும் கடனில் 70 சதவிகிதம் அப்படியே நிற்கிறது. தவணையில் வட்டியைவிட அசல் பங்கு அதிகமாவதே 143-வது மாதத்தில்தான், அதாவது பன்னிரண்டாவது வருஷத்தின் கடைசியில். 20 வருஷமும் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 52 லட்சம் போயிருக்கும். அதில் 27 லட்சம் வட்டி.

வட்டி ஏறினால் எது நீளும்?

இந்த அட்டவணை கல்லில் செதுக்கியது அல்ல. இன்று வங்கிகளில் வாங்கும் வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் இத்தகைய கடன்களின் வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட்டிருக்கிறது. 2022 மே மாதம் 4 சதவிகிதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவிகிதத்தைத் தொட்டது. ஒரு வருஷத்துக்குள் இரண்டரை சதவிகித ஏற்றம்.

அப்போது பல வீடுகளில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. மாதத் தவணை ஏறவில்லை. ‘பரவாயில்லை, நமக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று குடும்பம் நிம்மதியாக இருந்தது. ஆனால், தவணைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது.

அதே 25 லட்சம் கடனில், தொடக்கத்திலேயே வட்டி 9.5 சதவிகிதமாகிவிட்டது என்று வைத்துப் பார்க்கலாம். தவணையை 21,696-லேயே வைத்திருந்தால் 240 மாதம் 309 மாதமாக நீளும். 58 வயதில் முடிய வேண்டிய கடன், 64 வயதை எட்டும்போதுதான் முடியும். பணி ஓய்வு பெற்று, மாதச் சம்பளம் நின்ற பிறகும் ஐந்தே முக்கால் வருஷம் தவணை கட்ட வேண்டும். மாறாக, தவணையைச் சுமார் 1,600 ரூபாய் உயர்த்தி 23,303 ஆக்கிக்கொண்டால் அதே 240 மாதத்தில் கடன் முடிந்துவிடும்.

வட்டி 10.5 சதவிகிதத்தைத் தொட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மாத வட்டியே 21,875 ரூபாய். கட்டும் தவணை வட்டிக்கே போதாது. மாதா மாதம் கட்டக் கட்ட கடன் வளரும்!

இந்தச் சிக்கலுக்காகத்தான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணை கூடுமா, காலம் கூடுமா என்பதைக் கடன் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். காலத்தை நீட்டுவதால் கடன் வளரும் நிலை வரக் கூடாது. இதுவரை கழிந்த அசலும் வட்டியும் எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதைச் சொல்லும் ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிடைக்க வேண்டும்.

உரிமை இருக்கிறது. கேட்டால்தான் பயன்படும். வட்டி குறையும்போதும் இதே கதைதான். தவணை மாறாமல் காலம் குறைந்திருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் வருஷத்து ஒரு லட்சம்

போனஸோ, சீட்டுப் பணமோ, நிலம் விற்ற காசோ கையில் வந்தால் கடனில் கட்டலாமா? கட்டினால் எப்போது கட்டுவது? இதற்கும் அட்டவணையே பதில் சொல்கிறது.

மேலே சொன்ன கடனில், முதல் வருஷ முடிவில் கூடுதலாக ஒரு லட்சம் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால் கடைசியில் ஏறத்தாழ 21 தவணைகள் காணாமல் போகும். மிச்சமாகும் வட்டி சுமார் 3.65 லட்சம். அதே ஒரு லட்சத்தை 15-வது வருஷ முடிவில் கட்டினால் ஏழு தவணைகள்தான் குறையும். மிச்சம் சுமார் 50 ஆயிரம். தொகை ஒன்றுதான், கட்டும் நேரம்தான் வேறு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முன்கூட்டிக் கட்டும்போது ‘காலத்தைக் குறைக்கவா, தவணையைக் குறைக்கவா?’ என்று ஒரு கேள்வி வரும். முதல் வருஷ முடிவில் ஒரு லட்சம் கட்டி, தவணையைக் குறைத்துக்கொண்டால் மாதம் 885 ரூபாய் குறையும். மொத்தத்தில் மிச்சமாகும் வட்டி ஒரு லட்சத்துச் சொச்சம். காலத்தைக் குறைத்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல். மாதச் செலவுக்கே திண்டாடும் குடும்பத்துக்குத் தவணை குறைவதுதான் உதவி. சமாளிக்க முடிந்தவர்களுக்குக் காலம் குறைவதே லாபம். எதுவானாலும் எழுதிக் கொடுத்து, புதிய அட்டவணையைக் கையில் வாங்கிவிட வேண்டும்.

தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதற்காக, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் கைக்காசையெல்லாம் வழித்துக் கடனில் போடுவதும் சரியல்ல. ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியே இருக்கட்டும். கிரெடிட் கார்டு பாக்கி, கைமாற்று, கூடுதல் வட்டி நகைக்கடன் இருந்தால் முதலில் அவை தீரட்டும். வீட்டுக்கடன் வட்டி அவற்றைவிடக் குறைவு.

‘பத்தே சதவிகிதம்தான்!’

பைக் கடன், பர்னிச்சர் கடன், சிறு கடன்களில் வேறொரு கணக்கு நடக்கும். அதுதான் ஃப்ளாட் வட்டி. ஒரு லட்சம் ரூபாய், மூன்று வருஷம், பத்து சதவிகித ஃப்ளாட் வட்டி என்றால் வட்டி 30 ஆயிரம். மொத்தம் 1,30,000-ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,611 ரூபாய்.

பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால், மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடப்படுகிறது. பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே கடனுக்குத் தவணை 3,227 ரூபாய், மொத்த வட்டி சுமார் 16 ஆயிரம். ஃப்ளாட் முறையில் ‘பத்து சதவிகிதம்’ என்று சொல்லப்படுவது உண்மையில் கிட்டத்தட்ட 18 சதவிகிதம். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் தண்டல் கடனிலும் இப்படித்தான் நடக்கிறது. கைக்கு வராத பணத்துக்கும் சேர்த்துத் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருடாந்திரச் செலவு விகிதமும், தவணை அட்டவணையும் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த அறிக்கையைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். கூட்டாகக் கையெழுத்துப் போடுபவருக்கும் கடன் கடன்தான். பார்க்க வேண்டியவை நான்கே: மொத்தம் கட்டப்போவது எவ்வளவு, வட்டி ஃப்ளாட் முறையா பாக்கி அசலுக்கா, வட்டி மாறினால் தவணை கூடுமா காலம் கூடுமா, கடைசித் தவணையின்போது வீட்டில் சம்பாதிப்பவருக்கு என்ன வயது.

ஏற்கெனவே கடன் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, போனஸ் வரும் தீபாவளி நேரத்திலாவது, புதிய அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம். வங்கியின் செயலியிலேயே அது பெரும்பாலும் கிடைக்கும். போன வருஷம் இருந்த ‘மீதித் தவணை’ எண்ணிலிருந்து சரியாகப் பன்னிரண்டு குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். குறையவில்லை என்றால், அன்றே வங்கிக்குப் போக வேண்டும்.

கடைசித் தவணையும் கட்டியாகிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அடமானமாக வைத்த அசல் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் பீரோவுக்குள் வந்து சேர்ந்த பிறகே கடன் கோப்பை மூடி வைக்கலாம்.