தவணை முடியும் வரை மேடை நிற்குமா?

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு தளத்தில் சமையலறை மாறிக்கொண்டே இருக்கிறது. உடைத்தெடுத்த கடப்பைக் கற்கள் சாக்கு மூட்டைகளில் படியிறங்குகின்றன. பளபளக்கும் கதவுகள் அட்டைப் பெட்டிகளில் படியேறுகின்றன. வீடு வாங்கிய பின் ஒரு நடுத்தரக் குடும்பம் அவ்வீட்டுக்குள் செய்யும் பெருஞ்செலவுகளுள் இன்று இதுவும் ஒன்றாகிவிட்டது. இச்செலவில் நாங்கள் பட்டுத் தெளிந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்: சமையலறைக்காக வாங்கும் கடனின் ஆயுள், அந்தச் சமையலறையின் ஆயுளை மிஞ்சக் கூடாது.

இது எங்களுக்கு எளிதில் கிடைத்த பாடமன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்சிக்கூடத்தில் வெண்ணிறக் கதவுகளைக் கண்டு மயங்கி, ஐந்தாண்டுத் தவணையில் முழு அமைப்பையும் வாங்கினோம். கதவுகளைப் பலமுறை திறந்து மூடிப் பார்த்த நாங்கள், பெட்டி எதனால் ஆனது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. இரண்டாம் மழைக்காலத்தில் தொட்டியின் கீழிருந்த பெட்டி ஊதிப் பெருத்தது. மரத்தூளையும் மரச் சில்லுகளையும் பசையிட்டு அழுத்திய பலகை அது. நீர் பட்டதும் உப்பியது, கீல்களின் திருகுகள் பிடிப்பை இழந்தன. மூன்றாம் ஆண்டில் அதைக் கழற்றி எறிந்தோம். தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தது.

கட்டடத்தின் வயதையும் கேளுங்கள்

மாட்டுங்காவாசிகளுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி தாதர்–மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள் பல 1930களிலும் 1940களிலும் எழுந்தவை. பகடி முறையில் குடியிருக்கும் குடும்பங்களும் இங்கு உண்டு. தீவு நகரப் பகுதியில் 1969 செப்டம்பர் 30க்கு முன் கட்டப்பட்டு, பழுதுபார்ப்புக்கான ‘செஸ்’ வரி செலுத்தும் கட்டடங்களில் மறுகட்டுமானப் பேச்சு ஓய்வதே இல்லை. செம்பூரின் பழைய குடியிருப்புகளிலும் தாராவியிலும் இதே பேச்சுத்தான்.

கட்டடம் இடிபடும் நாளில் சுவரோடு பொருத்திய பெட்டிகளில் பெரும்பாலானவை புதிய வீட்டின் அளவுக்குப் பொருந்தமாட்டா. ஆகவே கட்டுநரை அமர்த்தும் நிலைக்குச் சங்கம் வந்துவிட்டதெனில், நிலையான அமைப்பில் பெரும்பணம் போடுவது விவேகமன்று. இருக்கும் மேடையைச் செப்பனிட்டுக்கொண்டு, தனித்து நிற்கும் அலமாரி, எவர்சில்வர் அடுக்கு, நல்ல அடுப்பு என உடன் எடுத்துச் செல்லக்கூடியவற்றை வாங்குவதே நன்று. கட்டடம் இன்னும் பல்லாண்டு நிற்குமெனில் நல்ல கல்லில் துணிந்து செலவிடலாம்.

நீரும் தீயும் தொடுமிடம்

செலவை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது? நீரும் தீயும் தொடுமிடத்தில் கூட்டுங்கள். கண் மட்டும் தொடுமிடத்தில் குறையுங்கள் என்பதே எங்கள் கருத்து. மேடை, தொட்டி, குழாய், வடிகால், தொட்டியின் கீழ்ப்பகுதி ஆகியவை முதல் வகை. கதவின் நிறமும் மெருகும், கண்ணாடி அலமாரியும் இரண்டாம் வகை. விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையையே காட்டுகின்றன. பணமும் அங்கேயே கரைகிறது.

இவ்வகையில் மும்பையின் பழைய ‘ஓட்டா’வை நாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். நின்றவாக்கில் கடப்பைக் கற்கள், இடையே ஒரு கடப்பைத் தட்டு, மேலே மேடைக்கல்: இதுவே அதன் அமைப்பு. கரையான் அரிக்காது, நீரில் ஊறி உப்பாது. இக்கல் எலும்புக்கூட்டை உடைக்காமல், முன்பக்கம் சட்டமிட்டுக் கதவுகளை மட்டும் பொருத்தி, தேவையான இடத்தில் இரண்டொரு எவர்சில்வர் டிராலிகளைச் சேர்த்தால் புதிய அமைப்பின் வசதியில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பெட்டிப் பலகைகளின் செலவு முழுவதும் மிச்சம். பெட்டி ஊதிய பின் நாங்கள் செய்ததும் இதுவே.

பெட்டி வேண்டுமென்போர் பலகையின் தரத்தை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 303, அதில் கொதிநீர் தாங்கும் வகையைக் கேளுங்கள். தொட்டியின் கீழே மட்டுமாவது, மரைன் பிளைவுட் எனப்படும் ஐ.எஸ். 710 தரத்தைப் பயன்படுத்துங்கள். வெட்டிய ஓரங்கள் யாவும் பட்டையிட்டு மூடப்பட வேண்டும். நீர் நுழைவது அங்கேதான். தொட்டியும் டிராலிகளும் 304 தர எவர்சில்வர் என்பது ரசீதில் குறிக்கப்பட வேண்டும்.

எந்தக் கல்?

நம் சமையலில் புளியும் எலுமிச்சையும் தக்காளியும் இல்லாத நாள் இல்லை. பளிங்கும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்டால் மெருகு மங்கும். ஆகவே கடப்பை தாங்கும் கல்லாக இருக்கட்டும். மேலே கிரானைட் இருக்கட்டும். கறுப்பு கிரானைட் வாங்குமுன் ஒரு மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, எலுமிச்சைச் சாற்றைச் சில மணிநேரம் விட்டுப் பாருங்கள். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தும் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயமேற்றிய கல். வெளிர்நிறக் கற்களில் மஞ்சள் கறை தங்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல், குவார்ட்ஸ் தூளைப் பிசினால் இறுக்கிச் செய்வது. கறை எளிதில் பிடிக்காது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தழும்பாகும். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இக்கல்லை அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசியால் தொழிலாளரின் நுரையீரல் கெடுவதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பொருத்துதலுக்கும் தடை விதித்தது. பொருத்திய மேடையால் வீட்டாருக்குத் தீங்கில்லை, தீங்கு அறுப்பவருக்கே. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. எனவே எந்தக் கல்லாயினும், நீர்விட்டே அறுக்கவேண்டும் என்பதையும் அறுப்பவருக்கு முகக்காப்பு வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பது நம் கடமை என்று கருதுகிறோம். அதற்காகும் சிறுதொகையைப் பேரம் பேசிக் குறைக்கவேண்டாம்.

எளிய வீட்டில் பிறந்த யோசனை

பொருத்திய சமையலறை என்றாலே ஆடம்பரம் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. அதன் முன்னோடியோ எளிய மக்களுக்கான குடியிருப்புகளில் தோன்றியது. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம் எழுப்பிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் 1926இல் அதை வடிவமைத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், நம் மாட்டுங்கா சமையலறைகளை ஒத்த அளவு. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. அழகுக்கு முன்னே அவர் அளந்தது, சமைப்பவர் நடக்கும் தூரத்தை. சரக்குகளுக்குச் சின்னஞ்சிறு அலுமினிய இழுப்பறைகளையும் வரிசையாக வைத்தார். நம் அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் விரித்தாற்போல.

அளவெடுப்பதற்குக் காசு வேண்டாம். வீட்டில் அதிகம் சமைப்பவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும். அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகு நோகாது. வெட் கிரைண்டரைத் தூக்கி இறக்கத் தேவையில்லாத ஒரு தாழ்ந்த இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். சிலிண்டர் வைப்போர் அவ்வறையின் கதவில் தரையோரமாகக் காற்றுத் துளைகள் விடவேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானதால் கீழே தேங்கும். குழாய் வாயு இணைப்பை மாற்றுவது தச்சரின் வேலையன்று. வாயு நிறுவனத்தாரையே அழைக்கவேண்டும். தொட்டியை இடம் மாற்றுமுன் சங்கத்தின் அனுமதியைப் பெறுங்கள்; நம் ஒழுகல் கீழ்வீட்டாரின் கூரை.

இனிக் கணக்கு

எடுத்துக்காட்டாக 3 லட்சம் ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 6,673 ரூபாய். வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். தேவையைச் சுருக்கி 1.5 லட்சத்தை அதே வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கினால் தவணை ஏறத்தாழ 4,982 ரூபாய். வட்டி முப்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. கடன் பாதியானது, வட்டியோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஓராண்டு தொடர் வைப்பில் சேமித்துவிட்டுத் தொடங்கினால் கடன் மேலும் சுருங்கும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லுக்கும் மயங்கவேண்டாம். பூச்சிய வட்டி என்று ஒன்று இல்லை என 2013 செப்டம்பரிலேயே இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. செயலாக்கக் கட்டணமாகவோ கிடைக்காமற்போன தள்ளுபடியாகவோ வட்டி எங்கேனும் ஒளிந்திருக்கும். ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன என்று இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். முன்பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வேலை முடிந்து குழாய்களில் நீர்விட்டுச் சோதிக்கும்வரை பத்தில் ஒரு பங்கையேனும் கையில் வைத்திருங்கள்.

புதிய சமையலறைக்கு நாம் பொதுவாக முதலில் காட்சிக்கூடத்துக்கும் கடைசியில் வங்கிக்கும் போகிறோம். இவ்வரிசையை மாற்றவேண்டும். கட்டடத்தின் நிலையைச் சங்கச் செயலரிடம் முதலில் கேட்போம். நம்மால் எவ்வளவு முடியும் என்பதை வங்கிக் கிளையில் கணக்கிடுவோம். பழைய ஓட்டாவில் எது தேறும் என்பதைத் தச்சரும் கொத்தனாரும் பார்த்துச் சொல்லட்டும். காட்சிக்கூடத்துக்கு அதன் பின் போகலாம். அப்போது என்ன கேட்கவேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.