நல்லவர் பெயரில் நடந்த கொள்ளை

ஏமாற்று நிறுவனம் ஒன்று கதவடைத்து ஓடிய பின்னர், ஊர்தோறும் ஒரு சொல் எழுகின்றது. "அவர் நல்லவர், அவரை நம்பித்தான் பணம் கட்டினோம், அவரும் நம்மைப்போல் ஏமாந்தவர்தாம்" என்பதே அது. நிறுவனத் தலைவனைத் தூற்றும் மக்கள், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பணம் பெற்றுச் சென்ற முகவரைத் தூற்றத் தயங்குகின்றனர். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியராயிருப்பார். ஊர்த் திருமணங்களில் பந்தி விசாரிக்கும் பெரியவராயிருப்பார். எவரிடத்தும் ஒரு காசு கடன் வைத்தறியாதவராயிருப்பார். அத்தகையாரைக் குற்றஞ் சொல்ல நாவெழாமை இயல்பே. ஆனால் அந்த நாவெழாமையை எதிர்பார்த்தே நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தது! ஊரறிந்த கயவனை எந்த ஏமாற்றுக்காரனும் முகவனாக அமர்த்துவதில்லை. கயவன் சொல்லுக்கு எவர் பணம் கொடுப்பர்? நல்லவரின் நாற்பதாண்டு நேர்மையே அவ்வணிகத்தின் மெய்யான முதல். ஆகலின், அவர் நல்லவர் என்பதையே அவர்க்கு விடுதலையாகக் காட்டுதல் பொருந்துமா என்பது வினா.

"எனக்குத் தெரியாது" என்பதே எல்லாரும் முதலிற் சொல்வது. முதல் திங்களில் அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நூற்றுக்குப் பத்து உருபா திங்கள் வட்டி தருவேன் என்பவன், தான் பெற்ற முதலில் ஒரு காசையும் திருடாவிடினும், பத்துத் திங்களில் அம்முதல் முழுவதையும் வட்டியாகவே திருப்பிக் கொடுத்து முடித்திருப்பான். பதினோராம் திங்கள் வட்டி எவருடைய பணம்? இக்கணக்கிற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டுவதில்லை. காய்கறி விற்கும் மூதாட்டி மனக்கணக்காகவே போட்டுவிடுவாள்.

ஆள் சேர்க்கும் சங்கிலித் திட்டங்களின் கணக்கு இதனினும் கொடியது. ஒருவர் இருவரைச் சேர்க்க, அவ்விருவரும் தனித்தனியே இருவரைச் சேர்க்க என்று போனால், 26-ஆம் படி நிரம்புமுன் தமிழ்நாட்டின் 7 கோடியே 21 இலக்கம் மக்களும் (2011 கணக்கெடுப்பு) தீர்ந்து போவர். எப்படியில் நின்றாலும், கடைசியாய்ச் சேர்ந்தவரே மொத்தத் தொகையிற் பாதிக்கு மேற்பட்டவர். அவருக்குக் கீழ் எவருமில்லை. பாதிக்கு மேற்பட்டார் இழப்பது அத்திட்டத்தில் நேர்ந்த பிழையன்று. அதன் அமைப்பே அதுதான்.

இவ்வகைக் கொள்ளைக்கே தன் பெயரை விட்டுச் சென்றவன் பொன்சி. 1919-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் போசுடன் நகரில் 150 தாலர் முதலோடு தொடங்கினான். அயல்நாட்டு அஞ்சற் சீட்டுகளில் பெரும் ஊதியம் கிடைப்பதாகச் சொல்லி, நூறு தாலருக்கு நூற்றைம்பது தருவதாக ஆவணம் எழுதிக் கொடுத்தான். எட்டுத் திங்களில் 95 இலக்கத்து 82 ஆயிரம் தாலர் குவிந்தது. முகவர்க்கு நூற்றுக்குப் பத்துத் தரகு, வணிகமோ ஒன்றுமில்லை. 1920 ஆகசுட்டு 2-இல் செய்தித்தாளொன்று அவன் முதலிழந்து நிற்பதை வெளியிட, அன்று முதல் ஒரு கிழமை மக்கள் முண்டியடித்துத் தம் முதலைத் திரும்பப் பெற்றனர். பெற்றவர் எளிய மக்கள். பிறர் பொருளை எடுக்கவில்லை, தாம் கொடுத்ததையே மீட்டனர். எனினும் 1924-இல் அமெரிக்க உச்ச அறமன்றம், அவர்கள் பெற்றதைத் திருப்பித் தரல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏமாந்தவர் அனைவரும் ஒரு நிலையினர்; முந்தி ஓடியவர்க்குப் பிந்தியவரைவிட மிகுந்த உரிமையில்லை என்பதே அதன் கருத்து. அவர்களை எவரும் கள்வர் என்று சொல்லவில்லை. குற்றமற்ற உள்ளம் வேறு, கைக்கு வந்த பணத்தின் கணக்கு வேறு என்று அம்மன்றம் பிரித்துக் காட்டியது. தம் முதலை மீட்டவர்க்கே இந்நிலை எனின், பிறர் முதலிலிருந்து தரகு பெற்றவர்க்கு என்ன நிலை?

இந்நாட்டுச் சட்டமும் இதனை அறியாததன்று. 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம், திட்டத்தை நடத்துவதை மட்டுமன்றி, அதில் உறுப்பினராய்ச் சேர்வதையும் பங்கு கொள்வதையுமே தடுக்கின்றது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படா வைப்புத் திட்டத் தடைச் சட்டம், அறிந்தே பொய் சொல்லிப் பிறரைச் சேர்ப்பதோடு, முதன்மையான உண்மையை வேண்டுமென்றே மறைத்துச் சேர்ப்பதையும் குற்றமாக்கியது. மறைத்தல் என்னும் அச்சொல்லில்தான் நம் நல்லவர்கள் பலர் அகப்படுகின்றனர். வட்டி இரு திங்கள் நின்ற பொழுது, தம் வைப்பை மட்டும் ஓசையின்றி எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கைம்பெண்ணிடம் "அடுத்த கிழமை வந்துவிடும் அம்மா" என்று சொன்னவர் எத்துணைப் பேர்! அந்த நாள் வரை அவர் ஏமாந்தவர். அந்த நாளிலிருந்து ஏமாற்றியவர்.

மகள் திருமணத்திற்கென்றே தரகு பெற்றதாகச் சிலர் சொல்வர். தேவை மெய்யே. ஆயினும் வள்ளுவர் வெஃகாமையைத் துறவிக்கு வைக்கவில்லை. மக்களைப் பெற்று, மணமுடித்து வைக்க வேண்டிய இல்லறத்தானுக்கே வைத்தார்.

இவர்களைப் பொறுத்தருளலாகாதா எனின், ஆகும். அவர்மேல் வெறுப்புக் கொள்ளவோ, அவர் வீட்டுக் கதவை உடைக்கவோ எவர்க்கும் உரிமையில்லை. உண்மையிலேயே அறியாது வீழ்ந்தவர்க்கும், அறிந்து வாய்மூடியவர்க்கும் வேறுபாடு காணவும் வேண்டும். ஆனால் பொறுத்தருளும் உரிமை, பணம் இழந்தவர் கையில் இருக்கின்றது. ஊர்ப் பெரியவர்கள் கூடி "நல்ல மனிதர், விட்டுவிடுங்கள்" என்று முடிப்பதற்கு அஃது அவர்தம் சொத்தன்று. அதனைக் கேட்க வருபவர் முதலில் தாம் பெற்ற தரகைக் கொண்டு வரல் வேண்டும். எவரெவரிடம் எவ்வளவு பெற்று எவரிடம் கொடுத்தார் என்னும் குறிப்பேட்டைக் காவல்துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும். தலைவன் ஓடிவிட்ட வழக்குகளில் பணம் போன வழியைக் காட்டவல்ல சான்று பெரும்பாலும் அந்தக் குறிப்பேடுதான். ஊர்தோறும் நல்லவர்கள் எரித்துவிடுவதும் அதைத்தான்.