புள்ளி சரி, பலகை எங்கே?

சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான நந்திதுர்க் லைன்களுக்கு நோயாளியை ஏற்ற வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கைப்பேசி பெரும்பாலும் கைவிடுவதில்லை. திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசியே சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நீக்கும்வரை ஜிபிஎஸ் கருவி 100 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டியது. இன்று வண்டி சரியாக லைன் முனைக்கு வந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். எதிரே பொதுச்சுவரோடு ஒட்டிய வீடுகள், ஒரே மாதிரிக் கதவுகள். லைன் பெயர்ப்பலகை இல்லாமல், கதவு எண்ணும் சுண்ணாம்புக்கு அடியில் போயிருந்தால், "இது எந்த லைன்ணா?" என்று யாரையாவது கேட்டாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கேட்பது?

அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய டிஜிபின், நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடு தருகிறது. நல்ல முயற்சி. ஆனால் லைன் வீட்டின் அகலமே சில மீட்டர்தான். கைப்பேசியின் சிறு பிழை அடுத்த வீட்டுக் கட்டத்தில் போய் விழும். அதற்காகச் செயற்கைக்கோளை இன்னும் துல்லியமாக்கு என்பதை நாம் ஏற்கவில்லை. குறை வானத்தில் இல்லை.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்த பாலத்திலிருந்து கார் ராமகங்கா ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். கார் எந்தச் சாலையில் போகிறது என்பதில் குழப்பமில்லை. பாலம் இடிந்த சேதி வழிகாட்டிச் செயலிக்குப் போய்ச் சேரவில்லை. குறுக்கே உருப்படியான தடுப்பும் இல்லை. சென்டிமீட்டர் துல்லியம் இருந்திருந்தாலும் அந்த மூவரும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் ஒட்டி ஓடும் இடங்களில் 5 மீட்டர் போதாது என்பது உண்மையே. இரட்டை அலைவரிசைக் கைப்பேசிகள் அந்தக் குறையைக் குறைத்துவருகின்றன. சென்டிமீட்டர் கணக்கு அவசியப்படும் வேலை வேறு: 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடிய பிறகும் குடியிருக்கும் வீட்டைத் தங்கள் பெயருக்குக் கேட்டுவரும் தொழிலாளர் குடும்பங்களுக்கு எல்லை அளப்பது. அதைக் கைப்பேசியால் அளக்க முடியாது; சர்வே கருவியோடு ஆள் வர வேண்டும்.

நகரசபை உடனே செய்ய வேண்டியது பெயிண்ட் வேலை. ஒவ்வொரு லைன் முனையிலும் தமிழிலும் கன்னடத்திலும் பெயர், ஒவ்வொரு கதவிலும் எண். அதே பெயரும் எண்ணும் வரைபடத்தில் ஏற வேண்டும். வண்டி நுழையாத சந்துகளையும் குறிக்க வேண்டும், ஸ்ட்ரெச்சரை எந்தப் பக்கமாகத் தூக்கிப் போவது என்று ஓட்டுநர் வரும்போதே தெரிந்துகொள்ள.