முதல் மந்திரிசபைக்கு எத்தனை மார்க்?



நேரு என்று வாயெடுத்தாலே நம் ஹாஸ்டலில் இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கட்சிக்கு எல்லாமே அவர் கட்டியது. இன்னொரு கட்சிக்கு நாட்டின் எல்லாக் கோளாறும் அவரிடமிருந்து ஆரம்பித்தது. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1952 பொதுத்தேர்தல் முடியும் வரை டில்லியில் என்னதான் நடந்தது என்று இரண்டு பேரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் அந்த மந்திரிசபை பாஸ். நல்ல மார்க்கில்தான் பாஸ். ஆனால் அரியரும் இருக்கிறது.

முதலில் ஆட்களைப் பாருங்கள். நேருவையும் சேர்த்து 14 பேர். காங்கிரசைக் கடுமையாக எதிர்த்து வந்த அம்பேத்கர் சட்ட மந்திரி. நீதிக்கட்சியிலிருந்த நம் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் நிதி மந்திரி. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் வாசித்தவர் அவர்தான். இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜிக்கும் இடம் இருந்தது. ஜெயித்தவன் தன் ஆளை மட்டுமே உட்கார வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயம்தான். (1951 முடிவதற்குள் இந்த மூவருமே ராஜினாமா செய்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

500-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களைச் சேர்த்தது பெரிய சாதனை, சும்மா சொல்லக்கூடாது. தனியாக அம்மன் காசு அடித்துக்கொண்டிருந்த நம் பக்கத்து ஊர் புதுக்கோட்டை, 1948 மார்ச்சில் ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் மெட்ராஸ் மாகாணத்தோடு இணைந்தது. ஐதராபாத் அப்படி இல்லை. 1948 செப்டம்பரில் ராணுவம் போனது. அதையொட்டி நடந்த படுகொலைகளை விசாரிக்க அரசே அனுப்பிய சுந்தர்லால் குழுவின் அறிக்கையைப் பல வருஷம் வெளியிடாமலே வைத்திருந்தார்கள்.

நம் காந்தி மியூசியத்தில் ரத்தக்கறை படிந்த அந்தத் துணியைப் பார்க்காதவர் மதுரையில் குறைவு. அதன் முன்னால் நிற்கும்போது ஒரு கேள்வி வரவேண்டும். 1948 ஜனவரி 20-லேயே பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. ஒருவன் பிடிபட்டான், பேசவும் செய்தான். இன்னும் பத்து நாள் இருந்தது. டில்லி போலீசும் பம்பாய் போலீசும் தங்களுக்குத் தெரிந்ததை ஒழுங்காகச் சேர்த்துப் பார்க்கவில்லை. வருகிறவர்களைச் சோதனை போட காந்தி சம்மதிக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக அரசு தப்பித்துக்கொள்ள முடியுமா?

இனி நம் சங்கதிக்கு வருகிறேன். மெட்ராஸ் மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை என்று ஒன்று இருந்தது. கல்லூரியில் 14 இடம் என்றால் இன்ன வகுப்புக்கு இத்தனை என்று பங்கு பிரித்தது. மருத்துவக் கல்லூரி இடத்துக்காக செண்பகம் துரைராஜனும், கிண்டி பொறியியல் கல்லூரி இடத்துக்காக சீனிவாசனும் வழக்குப் போட்டார்கள். புது அரசியல் சட்டத்தைக் காட்டி 1950-ல் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றன. பெரியாரின் திராவிடர் கழகமும் அண்ணாவின் தி.மு.க.வும் தெருவில் இறங்கின. டில்லி அசைந்தது. 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) அப்படித்தான் பிறந்தது. நம்மில் பாதிப்பேர் அட்மிஷன் பாரத்தோடு சாதிச் சான்றிதழை இணைத்தோமே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த மார்க்கை நான் குறைத்துப் போட மாட்டேன்.

ஆனால் அதே திருத்தத்தின் மறுபக்கம்? கிராஸ் ரோட்ஸ் என்ற பத்திரிகைக்கு மெட்ராஸ் அரசு போட்ட தடையை 1950-ல் உச்சநீதிமன்றம் தள்ளியது. உடனே பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த ‘பொது ஒழுங்கு’ என்று ஒரு காரணத்தையும் இந்தத் திருத்தத்திலேயே நுழைத்துவிட்டார்கள். ஒரு கையில் கொடுத்துவிட்டு இன்னொரு கையில் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பார்லிமெண்ட் வருவதற்கு முன்னாலேயே! 1950-ல் தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. அதே வருஷம் பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது மாகாண அரசின் போலீஸ்தான். டில்லி வாய்மூடி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

தேர்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நூற்றுக்கு 18 பேருக்கு மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த நாட்டில் 17 கோடிப் பேருக்கு ஓட்டு! தன் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் சம்சாரம்’ என்று மட்டும் சொன்னதால் சுமார் 28 லட்சம் பெண்கள், அதிலும் பெரும்பாலும் வடக்கே, பட்டியலில் விடுபட்டார்கள். அப்படியும் அது முழு மார்க்தான்.

நம் துறைக்கும் செய்தார்கள். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு வந்து சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1951-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. தொடங்கியது. மேல்படிப்புக்கு இவ்வளவு அக்கறை, சரி. அடிப்படிப்பு?

அரியர் என்றேனே, அது இதுதான். 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, பத்து வருஷத்துக்குள், என்று அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொன்னது. முயற்சி செய்யவேண்டும் என்றுதான் எழுதினார்கள். செய்யாவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது. பணம் இல்லை, அகதிகள் கூட்டம், அரிசிப் பஞ்சம், எல்லாம் நிஜம்தான். கெடு முடிந்தது 1960-ல். அதை அடிப்படை உரிமையாக்கும் திருத்தம் நிறைவேறியது 2002-ல். 1960-ல் என் அப்பத்தாவுக்குப் பத்து வயசு. மேலூர்ப் பக்கம் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் பென்ஷன் பணம் வாங்கக் கைநாட்டுத்தான் வைக்கிறது.