கதிரடிப்பில் கண்ணுக்கும் காவல் தேவை

அறுவடைக் காலத்தில் சிவந்த கண்ணோடு கண் மருத்துவரிடம் வரும் உழவர்களும் கூலி ஆட்களும் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "கண்ணில் நெல் பட்டுவிட்டது." நெல்லின் சுணையும் தாளின் கருக்கும் கருவிழியைக் கீறும்போது அந்தக் காயம் வெளியே தெரியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். ஆனால் மண்ணிலும் பயிர்க் கழிவிலும் வாழும் பூஞ்சாணங்கள் அந்தக் கீறல் வழியே உள்ளே புகுந்துவிடுகின்றன. வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் குடும்பத்தைச் சேர்ந்த பூஞ்சாணங்களே மனிதர் கருவிழியிலும் புண்ணை உண்டாக்குகின்றன. மதுரையில் நடத்தப்பட்டு 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், கிருமி இன்னதென்று கண்டறியப்பட்ட கருவிழிப் புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சாணத்தால் வந்தவை. புண் ஆறினாலும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைப்பதுண்டு.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை போவதைக் கண்டு 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பூச்சிமருந்து தெளிப்போருக்குக் கையுறை, காலணியோடு தூசி புகாத கண்ணாடியும் வேண்டுமென்று 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளே கூறின. ஆயினும் நம் களங்களில் கண்ணுக்குக் காவல் என்பது தலைத்துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் துண்டு மூக்கையும் வாயையும் மறைக்குமே தவிர, கண்ணை மறைப்பதில்லை.

திருவிழாக் கடையில் வாங்கிய கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. பக்கவாட்டில் திறந்திருப்பதால் தூசி தாராளமாக நுழையும். கல் தெறித்தால் அதன் சில்லே கண்ணில் குத்தும். அந்தி வேளையில் கறுப்புக் கண்ணாடியுடன் ஓடும் பெல்ட்டின் அருகே நிற்பது வேறு வகை ஆபத்து. பார்வைக்காக அணியும் மூக்குக்கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. அதற்கு மேலேயே மாட்டக்கூடிய அகன்ற காப்புக் கண்ணாடிகள் கிடைக்கின்றன.

எந்த வேலைக்கு எந்தக் கண்ணாடி என்பதுதான் முக்கியம். கதிரடித்தல், தூற்றுதல், மூட்டை பிடித்தல் ஆகியவற்றில் தூசியும் சுணையும் எல்லாப் பக்கமிருந்தும் வரும். இவற்றுக்கு முகத்தோடு படிந்து உட்காரும், ரப்பர் போன்ற மெத்தென்ற விளிம்பும் தலைப்பட்டையும் உள்ள மூடிய கண்ணாடி வேண்டும். மருந்து தெளிக்கவும் இதே வகைதான். ஆனால் வாங்கும்போது காற்றுத் துளைகளைக் கவனிக்க வேண்டும். நேராகத் திறந்த துளையாக இருந்தால் திரவம் அப்படியே உள்ளே போகும். மூடியிட்டு, காற்று வளைந்து செல்லும்படி அமைந்த துளைகளே ஏற்றவை. கரும்புச் சோகை உரிக்கவும் வேலி வெட்டவும் பக்கமறைப்புள்ள சாதாரண காப்புக் கண்ணாடி போதும். புல் வெட்டும் இயந்திரத்துக்குக் கம்பிவலை முகமறைப்பு கொடுக்கிறார்கள். வலை கல்லைத் தடுக்கும், பொடியைத் தடுக்காது. ஆகவே அதற்குள்ளும் ஒரு கண்ணாடி அணிவது நல்லது.

வில்லை பாலிகார்பனேட் எனும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனதா என்று கேட்டு வாங்க வேண்டும். கண் காப்புச் சாதனங்களுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 5983. அது குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்கலாம். கடையிலேயே மாட்டிக் குனிந்து பார்த்து, விளிம்பைச் சுற்றி விரலால் தடவ வேண்டும். விரல் நுழையும் இடத்தில் சுணையும் நுழையும்.

"போட்டால் புழுங்குகிறது, பனி மூடினாற்போல் மங்குகிறது" என்பது ஆட்களின் குறை. இது சோம்பேறிச் சாக்கு அல்ல, உண்மையான குறைதான். நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியால் பயன் ஏது? மங்காத பூச்சுள்ள வில்லையை வாங்குவதும், மணிக்கு ஒருமுறை களத்தை விட்டு விலகி நின்று கழற்றித் துடைக்க அனுமதிப்பதும் இதற்கு வழி. தூசியோடு துண்டால் துடைத்தால் வில்லை கீறிப்போகும். தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் பட்டால் பாலிகார்பனேட் வெடித்துவிடும். ஒருவர் போட்டதை மற்றவருக்கு மாற்றினால் 'மெட்ராஸ் ஐ'யும் கூடவே மாறும். ஆளுக்கு ஒன்று தேவை.

இந்தச் செலவு யாருடையது? நிலத்துக்காரருடையது, அல்லது இயந்திரத்தை வாடகைக்கு விடுபவருடையது. சாதாரண வகைக் கண்ணாடி ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்குள் அடங்கும். டீசலைக் கணக்கில் சேர்ப்பவர்கள் இதையும் சேர்க்கத்தான் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகை மையங்களும் கதிரடிப்பு இயந்திரத்தோடு நான்கு கண்ணாடிகளையும் கொடுத்து, திரும்பப் பெற்றுக் கழுவி வைத்தால் சிறு விவசாயிக்குப் பாரம் இராது.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். சுண்ணாம்போ மருந்தோ பட்டிருந்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவியபடி இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது, பச்சிலை பிழிவது எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து அதைவிட மோசம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் சிவப்பு அடங்கியதுபோல் காட்டிவிட்டு, உள்ளே பூஞ்சாணத்தை வளர்த்துவிடும். வலி, கூச்சம், சிவப்பு மறுநாளும் இருந்தால் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பட்டது நெல்லா, சோகையா, மண்ணா, எந்த நாளில் பட்டது, இடையில் என்ன விட்டார்கள் என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும். புண்ணைச் சுரண்டிப் பார்த்துப் பூஞ்சாணத்தைத் தேட வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய இந்த விவரங்கள் தேவைப்படும்.