விவாகரத்தான ஸ்பைடர்மேன் பாடினால் எப்படி இருக்கும்?

2018-ல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அந்த இன்னொரு பீட்டர் பார்க்கரை நினைவிருக்கும். விவாகரத்தாகி, தொப்பை விழுந்து, ஹீரோ உடைக்கு மேலேயே தொளதொள பேன்ட் மாட்டிக்கொண்டு வருவாரே, அவரேதான். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ராப் பாடகருக்கு மட்டும் அது தன் கதையாகத் தெரிந்தது.

அவர் ஓப்பன் மைக் ஈகிள். சிகாகோக்காரர், இப்போது இருப்பது லாஸ் ஏஞ்சலஸில். கார், நகை, கட்டுக்கட்டாகப் பணம் என்று மார்தட்டும் ராப் அல்ல இவருடையது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவது மாதிரி இருக்கும். 2020 அக்டோபரில் வந்த இவரது ஆல்பத்தின் பெயர் ‘அனிமே, ட்ராமா அண்ட் டிவோர்ஸ்’. ‘ட்ராமா’ என்றால் இங்கே நாடகம் இல்லை. மனதில் ஆறாமல் கிடக்கும் காயம்.

காயத்துக்குக் காரணம் இருந்தது. 2019-ல் டி.வி-யில் இவர் இணைந்து நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சி ஒரே சீஸனோடு நின்றுபோனது. திருமணமும் முறிந்தது.

இதையெல்லாம் நேராகச் சொல்ல எத்தனை ஆண்களால் முடியும்? ஈகிள் கார்ட்டூன்களைத் துணைக்கு அழைக்கிறார். ஒரு பாட்டில் ‘எவாஞ்ஜலியன்’ தொடரின் ஷின்ஜி வருகிறான். அப்பாவின் கட்டாயத்தால் ராட்சத இயந்திரத்தை ஓட்டும் 14 வயதுச் சிறுவன். இயக்குநர் ஹிடேயாகி அன்னோ, மன அழுத்தத்தில் தவித்த ஆண்டுகளுக்குப் பிறகு உருவாக்கிய தொடர் அது. ‘நான் பயந்துபோயிருக்கிறேன்’ என்று சொல்லக் கூசுபவருக்கு, ‘நான் ஷின்ஜி மாதிரி’ என்று சொல்வது சுலபம் அல்லவா?

முதல் பாட்டின் பெயரும் ஓர் அனிமே தொடருடையதுதான்: ‘டெத் பரேட்’. அடிபட்டவர் அடுத்தவரை அடிப்பதும், அந்த வலி இப்படியே கைமாறிக்கொண்டு போவதும்தான் விஷயம். இன்னொரு பாட்டில், ‘பிளாக் மிரர்’ தொடரின் ஒரு எபிசோடுதான் குடும்பத்தைக் கெடுத்தது என்று புலம்புகிறார். சிரிப்பு வருகிறது, கூடவே, அது வெறும் எபிசோடு பற்றிய புலம்பல் இல்லை என்பதும் புரிகிறது.

‘உன்னை நீயே கவனித்துக்கொள்’ என்ற அறிவுரையையும் ஒரு பாட்டு கலாய்க்கிறது. கவனித்துக்கொள் என்றால் சரி, எப்படி என்று யாராவது சொன்னார்களா?

ஆல்பம் எந்தத் தீர்வும் தருவதில்லை. பிடித்த தொடரை ராத்திரி முழுக்கப் பார்த்தாலும், காலையில் வீடு அதே வீடுதான். ஆனால் ஒரு பாட்டில் மகனும் சேர்ந்து ராப் பாடுகிறான். காயம் கைமாறுவதைப் பற்றி முதல் பாட்டில் கவலைப்பட்ட அப்பா, மகனிடம் மைக்கைக் கொடுக்கும் இடம் அது.

கெட்ட வார்த்தைகள் உண்டு, ஹெட்போனில் கேளுங்கள். ‘ஸ்வெட்பேன்ட்ஸ் ஸ்பைடர்மேன்’ பாட்டில் ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டிலும் வாய் திறக்காமல் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே இருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், ‘இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்துகூடத் தொடங்கலாம்.